கத்திக்கு அரசாணை, மாத்திரைக்கு மெடிக்கல் கடை: ஹார்மோன் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

காளையைக் காயடித்தால் என்ன ஆகும் என்று அச்சங்குளத்தில் எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். முறைப்பு அடங்கும், திமில் பெருக்காது, ஏருக்குப் பழகும். கிடாயைக் காயடித்தால் வாடை போகும், கறியில் கொழுப்பேறும். இதற்காக யாரும் பாடப்புத்தகம் படிக்கவில்லை. உடம்பிலிருந்து ஒரு உறுப்பை எடுத்தால் குரல், கோபம், கொழுப்பு, ரோமம், ஆசை எல்லாமே மாறும் என்பது உழைக்கிற சனங்களின் கையில் பல ஆயிரம் வருசமாக இருந்துவரும் அறிவு.

1849ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் இதைச் சேவல்களிடம் செய்து பார்த்தார். விரையை எடுத்ததும் கொண்டை சுருங்கியது, கூவல் நின்றது, சண்டைக்குப் போகவில்லை. எடுத்த விரையை வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் ஒட்டவைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் கொண்டை திரும்ப வளர்ந்தது, சேவல் கூவியது. அப்படியென்றால் சேவலைச் சேவலாக்குவது ரத்தத்தில் கலந்து ஓடுகிற ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றுக்கு 'ஹார்மோன்' என்று பேர் வைக்க 1905 வரை ஆனது.

ஹார்மோனைப் பற்றி ஒரு தலித் இதழில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மனுவின் ஒன்பதாம் அத்தியாயத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. சொத்தில் யாருக்குப் பங்கு இல்லை என்று வரிசைப்படுத்துகிற இடத்தில் ஆண்மையற்றவனும் சாதியிலிருந்து தள்ளப்பட்டவனும் ஒரே சுலோகத்தில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். நம் பக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியம் படித்தவர்களுக்குத் தெரியும்: ஆண்தன்மை மாறிய உயர்திணைப் பெயருக்குத் தனக்கென்று ஒரு ஈறு கிடையாது, ஆண்பாலுக்கோ பெண்பாலுக்கோ உரிய ஈற்றைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் உண்டு, விகுதி இல்லை. இலக்கணத்தில் இடம் கொடுத்ததாகப் பெருமை பேசுகிறவர்கள் இந்த வாடகைக் குடியிருப்பையும் சேர்த்துப் பேச வேண்டும்.

திருநங்கையர் அந்த நாட்டறிவைத் தங்கள் உடம்பின்மேல் தாங்களே செலுத்திக்கொண்டார்கள். அவர்கள் வழக்கில் அதற்கு நிர்வாணம் என்று பேர். ஆணுறுப்பையும் விரைகளையும் மூத்த திருநங்கையான தாயம்மா கத்தியால் அறுத்தெடுப்பாள். மயக்கமருந்து இல்லை, தையல் இல்லை. ரத்தம் ஓடட்டும், அது ஆண் ரத்தம், அது போனால்தான் பெண் வருவாள் என்பது நம்பிக்கை. பிழைத்தவர்களுக்கு நாற்பது நாள் பத்தியம், நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்கு. பிழைக்காதவர்களுக்குக் கணக்கே இல்லை. மூடநம்பிக்கை என்று நமது பகுத்தறிவாளர்கள் கையைக் கழுவிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆணுடம்பில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ 95 சதம் விரைகளில்தான் சுரக்கிறது. அதை ரத்தம் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான் பிசகு.

இந்தக் கத்தி ஏன் மருத்துவமனைக்குள் வரவில்லை? 1860ன் இந்தியத் தண்டனைச் சட்டம் 'கொடுங்காயம்' என்று அடுக்கிய பட்டியலில் முதல் இனமே ஆண்மை நீக்கம்தான். 1871ன் குற்றப்பரம்பரைச் சட்டத்தை நாம் ரேகைச் சட்டமாக அறிவோம். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி முழுக்கத் திருநங்கையர் மீது எழுதப்பட்டது என்பது நம் கூட்டங்களில்கூட அதிகம் பேசப்படுவதில்லை. பேர்ப்பதிவு, சொத்து விவரம், பெண் உடையில் தெருவில் நடந்தாலோ ஆடினாலோ இரண்டு வருசம் வரை சிறை. அந்தப் பகுதி வட இந்திய மாகாணங்களில்தான் அமலானது. ஆனால் பிறப்பாலேயே குற்றவாளி, உடையாலேயே குற்றவாளி என்ற இரண்டையும் ஒரே கையெழுத்து எழுதியது. மருத்துவன் பயந்தான், கத்தி இருட்டுக்குள் போனது. ஆ. ரேவதி தன் வரலாற்றில் திண்டுக்கல்லைச் சொல்கிறார். தலித் குடும்பத்தில் பிறந்த லிவிங் ஸ்மைல் வித்யா 2007ல் வந்த 'நான் வித்யா' நூலில் ஆந்திராவின் கடப்பாவைச் சொல்கிறார். ஊர்கள் வேறு வேறு. ரயிலிலும் கடையிலும் கைநீட்டிச் சேர்த்த காசுதான் அந்தக் கத்திக்குக் கூலி.

கத்தி எடுக்கத்தான் செய்யும், கொடுக்காது. எடுத்த இடத்தில் வேறொன்றைக் கொடுப்பதற்கு வேதியியல் வர வேண்டியிருந்தது.

கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனை 1929ல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் புட்டனாண்டும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1931ல் அதே புட்டனாண்ட் பெர்லின் போலீஸ்காரர்களின் சிறுநீர் 15,000 லிட்டரைக் காய்ச்சி 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் எடுத்தார். 1935ல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் நூறு கிலோ காளை விரையிலிருந்து பத்து மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தார்கள். இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1934ல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்பவர் பெண் ஹார்மோன் மிக அதிகமாக எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் ஆண்குதிரையின் மூத்திரத்தில் கண்டுபிடித்தார்! ஆண்மைக்கு உவமையாகப் புலவர்கள் பாடிய அதே பொலிகுதிரை. பிறகு தெரிந்தது, உடம்பு டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் ஈஸ்ட்ரடையோலைச் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே வேதியியலில் ஒரு படிதான். ஆணின் எலும்பு உறுதிக்கும் அந்த ஈஸ்ட்ரடையோல் வேண்டும். கலப்பில்லாத ஆண், கலப்பில்லாத பெண் என்ற தூய்மைப் பேச்சு ரத்தப் பரிசோதனையில் நிற்காது. தூய்மைப் பேச்சு வேறெங்கெல்லாம் நிற்காது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோண்டெக் யூதர் என்பதால் நாஜிகள் அவரைப் பெர்லினிலிருந்து துரத்தியிருந்தார்கள். உடல்மாற்றச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனமும் (1919ல் தொடங்கியது, அவர் 1931ல் இந்தியாவுக்கும் வந்துபோனார்) 1933 மே மாதம் சூறையாடப்பட்டது. அதன் நூலகம் பெர்லின் தெருவில் எரிந்தது.

அதே மருந்து தண்டனையாகவும் இருந்தது. 1952ல் கணிதமேதை ஆலன் டூரிங் ஒருபால் உறவுக்காகக் குற்றவாளி ஆக்கப்பட்டார். சிறையா ஊசியா என்று பிரிட்டிஷ் நீதிமன்றம் கேட்டது. ஒரு வருசம் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஏற்றப்பட்டது. அவருக்கு மார்பு வளர்ந்தது. 1954ல் இறந்துபோனார். அதே 1952ல் டென்மார்க்கில் கிறிஸ்டைன் ஜார்ஜென்சன் என்ற அமெரிக்கப் பெண் அதே வகை மருந்தைத் தானே கேட்டு வாங்கி, தான் நினைத்த உடம்போடு ஊர் திரும்பினார். கேட்டவருக்கு விடுதலை, கேட்காதவருக்கு வதை.

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஆள் ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் 1915ல் பெண்ணாகப் பதிவுசெய்யப்பட்டுப் பிறந்த மைக்கேல் டில்லன். 1939ஐ ஒட்டி டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை சாப்பிட்டு ஆணாக மாறிய முதல் சிலரில் ஒருவர். தாடி வந்தது, குரல் உடைந்தது, 1944ல் பிறப்புச் சான்றிதழை மாற்றினார், பிறகு தானே மருத்துவம் படித்தார். 1958ல் பத்திரிகைக்காரர்கள் அவர் கதையைத் தோண்டி எடுத்து நாறடித்ததும் கப்பல் மருத்துவர் வேலையை விட்டு இந்தியாவுக்கு வந்து புத்தத்தில் சேர்ந்தார். காலிம்போங்கில் அவர் அடைக்கலம் புகுந்தது சங்கரட்சிதரிடம். 1956 டிசம்பரில் பாபாசாகேப் இறந்த சேதி வந்தபோது நாக்பூரில் நம் சனங்களிடையே இருந்து பேசிய அதே பிக்கு. ஆனால் விநய விதி பண்டகரைத் துறவில் சேர்க்கத் தடைபோடுகிறது. அதைக் காட்டி டில்லனுக்கு முழுத் துறவு மறுக்கப்பட்டது. லடாக்கில் ஒரு மடம் அவரை இளந்துறவியாக ஏற்றது. 1962ல் டல்ஹவுசியில் செத்தார். நாம் அடைக்கலம் தேடிப் போன மதத்தின் வாசலிலும் ஒரு பரிசோதனைச் சாவடி இருந்தது என்பதை மறைத்துவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனி, மருந்து என்னதான் செய்கிறது?

எங்கள் பக்கம் மருந்து என்றாலே வெடிமருந்துதான். மருந்து அலசினான், மருந்து செலுத்தினான், மணிமருந்து உராய்ந்துவிட்டது என்றுதான் பேச்சு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலையில் உராய்ந்த மருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆகவே அளவும் கலவையும் எதற்கு முக்கியம் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆலையை வைத்தே சொல்கிறேன்.

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஆர்டர் போடுகிற ஆபீஸ். அதன்கீழ் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி போர்மேன். போர்மேன் போடும் சத்தம்தான் எல்.எச். என்ற ஹார்மோன். அதைக் கேட்டு விரை டெஸ்டோஸ்டிரோன் என்ற சரக்கைச் செய்து ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. சரக்கு தேங்கினால் ஆபீஸ் ஆர்டரை நிறுத்தும், குறைந்தால் மறுபடி போடும். இந்த ஆபீஸ் ஸ்டாக் எண்ணும்போது ஆண் சரக்கா பெண் சரக்கா என்று பார்ப்பதில்லை. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் ஸ்டாக் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். போர்மேன் வாயை மூடுவான், விரை வேலையைக் குறைக்கும். கூடவே அந்த ஈஸ்ட்ரோஜன் மார்பு, தோல், கொழுப்பு எல்லாவற்றிலும் தன் வேலையைத் தொடங்கும்.

ஈஸ்ட்ரோஜன் மட்டுமே பல பேருக்கு இதைச் செய்து முடிக்காது. வயதுவந்த ஆணின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 300 முதல் 1000 நானோகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஓடுகிறது. திருநங்கைக்கு அது 50க்குக் கீழே வர வேண்டும். அங்கேதான் ஆண்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்துகள் வருகின்றன. இவை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சரக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே அதை வாங்கிக்கொள்ள ஒரு வாசல் உண்டு, ஏற்பி என்று சொல்வார்கள். ஸ்பைரனோலாக்டோன் அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரக்கு வந்து நின்று திரும்பிப் போகும். இது 1950களின் கடைசியில் நீர் பிரிவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரை. இதய நோயாளிக்கும் ஈரல் கெட்டு வயிறு வீங்கியவருக்கும் கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்ட ஆண்களுக்கு மார்பு புடைத்தது. பக்கவிளைவு என்று குறித்துவைத்தார்கள். ஒருவருக்குப் பக்கவிளைவு, இன்னொருவருக்கு அதுவே விளைவு.

1960களில் பெர்லினில் ஷெரிங் கம்பெனி கண்டுபிடித்த சைப்ரோட்டிரோன் அசிடேட் இரட்டை வேலைக்காரன். வாசலையும் அடைக்கும், போர்மேன் வாயையும் மூடும். இதை நாளுக்கு 50, 100 மில்லிகிராம் என்று வருசக்கணக்கில் கொடுத்தார்கள். பிறகு மூளையுறையில் கட்டி வருகிறது என்று தெரிந்தது. 2020ல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு விதித்தது. பத்து மில்லிகிராமே போதும் என்று பின்னால் ஆய்வுகள் காட்டின. அளவு என்று நான் சொன்னது இதைத்தான். மூன்றாவது வகை ஊசி: ஆபீஸ் கொடுக்கும் ஆர்டரைப் போலவே ஒன்றை இடைவிடாமல் கத்திக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் போர்மேனுக்குக் காது மரத்துவிடும். நல்ல மருந்துதான், ஆனால் விலை கூலிக்காரர் கைக்கு எட்டாது.

எது எப்போது மாறும் என்பதைப் பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும். ஏமாந்து அளவைக் கூட்டுவது இங்கேதான் தொடங்குகிறது. மார்பு வளர மூன்றிலிருந்து ஆறு மாதம், முடிந்த அளவு வளர இரண்டு மூன்று வருசம். தோல் மிருதுவாகும், கொழுப்பு இடுப்புக்கு இறங்கும். தாடி மெலியும், ஒழியாது. உடைந்த குரல் திரும்பாது. மாத்திரையை அள்ளிப் போட்டாலும் இந்தக் கணக்கு வேகமாக ஓடாது. பிள்ளை பெறும் சக்தி திரும்பாமலே போகலாம், தொடங்கும் முன்பே அதைப் பேசிவிட வேண்டும். திருநம்பிகள் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கு எதிர்ப்பு மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. சில மாதங்களில் மாதவிடாய் நிற்கும், குரல் தடிக்கும், தாடி வரும். ரத்தச் சிவப்பணு ஏறுவதை மட்டும் கண்காணிக்க வேண்டும். தமிழ்நாட்டில் திருநம்பிகளைப் பற்றி யாரும் வாய் திறக்காமல் இருந்த காலம் ரொம்ப நீளம். அது தனியாக எழுத வேண்டிய கதை.

நம் சனத்துக்குக் கிடைத்த ஹார்மோன் எது? மாலா-டி. மாலா-என். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. ஏழைப் பெண்கள் பிள்ளை பெறுவதைக் குறைப்பதற்காக அரசாங்கம் காசில்லாமலும் சல்லிசாகவும் ஊர் ஊராகக் கொடுத்த மாத்திரையைத் திருநங்கையர் தங்களுக்குப் பெண்மை தரும் மாத்திரையாக மாற்றிக்கொண்டார்கள். மருத்துவரைப் பார்க்கப் போனால் வாசலிலேயே சிரிப்பு, உள்ளே போனால் மனநோய்ச் சீட்டு. மெடிக்கல் கடையில் பத்து ரூபாயை நீட்டினால் கேள்வி இல்லை. மூத்தவள் சொன்ன கணக்குத்தான் பிரிஸ்கிரிப்சன். ஒன்றுக்குப் பதில் நாலு, அஞ்சு.

ஒரு மாலா-டியில் எத்தினில் ஈஸ்ட்ரடையோல் 0.03 மில்லிகிராம் இருக்கிறது. அஞ்சு போட்டால் 0.15. இந்த எத்தினில் ஈஸ்ட்ரடையோல் 1938ல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. உடம்பின் சொந்த ஈஸ்ட்ரடையோலை ஈரல் சீக்கிரம் உடைத்துவிடும். இதை உடைக்க முடியாமல் திணறும். அந்த நேரமெல்லாம் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் ஈரலிலிருந்து கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் நாளுக்கு 0.1 மில்லிகிராம் எத்தினில் ஈஸ்ட்ரடையோலும் சைப்ரோட்டிரோனும் எடுத்த திருநங்கையரைப் பற்றிய ஆய்வு 1989ல் வந்தது. ரத்தக்கட்டி அபாயம் மற்றவர்களைவிட 45 மடங்கு. அதற்குப்பின் அங்கே உடம்பின் சொந்த ஈஸ்ட்ரடையோலுக்கும் தோலில் ஒட்டும் பட்டைக்கும் மாறினார்கள், அபாயம் வெகுவாக இறங்கியது. இங்கே? அந்த அளவுக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தோம், கணக்கெடுக்க ஆய்வும் இல்லை. காலில் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீரென்று மூச்சுத்திணறல், சாவு. ஜமாத்தில் அதை நெஞ்சுவலி என்று சொல்லிப் புதைத்திருப்பார்கள். இன்னொரு கொடுமை, மாலா-டியில் கூடவே இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் கொஞ்சம் ஆண்தன்மை உள்ள பொருள். எதை விரட்ட மாத்திரை போட்டாளோ அதையே கொஞ்சம் சேர்த்து விழுங்கினாள்.

நிர்வாணம் முடிந்தவர்களுக்கு வேறு சிக்கல். விரை போனபின் எதிர்ப்பு மருந்து தேவையில்லை. ஆனால் ஆண் ஹார்மோனும் இல்லாமல் பெண் ஹார்மோனும் இல்லாமல் இருந்தால் எலும்பு பொடிந்துபோகும். 'ஆபரேசன் முடிஞ்சிருச்சு, இனி மாத்திரை எதுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். நாற்பது வயதில் இடுப்பு வலி வந்து நிற்கும்போது, ஆடி ஆடி இடுப்பு போச்சு என்று வைத்தியம். ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களுக்கு நீர் அதிகமாகப் பிரியும், ரத்த அழுத்தம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். ஏறினால் இதயம் தடுமாறும். கந்தக பூமி வெயிலில், மூத்திரம் போக இடமில்லை என்று தண்ணியே குடிக்காமல் வேலை பார்க்கிற ஆளுக்கு இந்த மாத்திரையைச் சும்மா எழுதித் தர முடியாது. முதல் வருசம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் சொல்லும் விதிதான் இது, ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டுக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும் என்று அந்த நூல்கள் யோசிப்பதில்லை.

தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்னால் நின்றது உண்மை. 2008 ஏப்ரல் 15ல் நலவாரியம் வந்தது. அரசு மருத்துவமனையில் இலவச அறுவைசிகிச்சைக்கு வழி திறந்தது. தாயம்மா கத்தியிலிருந்து பல உயிர் தப்பியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்கும் பத்திரிகைகளின் கண்ணுக்கும் பட்டதெல்லாம் கத்தி மட்டுமே. ஆபரேசன் ஒரு நாள். துவக்கி வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். மாத்திரை ஆயுசுக்கும். அதற்கு மாதாமாதம் வரிசையில் நிற்க ஒரு ஜன்னல் வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு நர்சு வேண்டும். சென்னையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநருக்கான சிகிச்சைப் பிரிவுகள் பின்னால்தான் வந்தன.

2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றம், பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம், அதற்கு ஆபரேசன் செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது. கத்தியா இல்லையா என்பது அவரவர் முடிவு என்றான பிறகு, கத்தி வேண்டாதவர்களுக்கும் வேண்டியது மாத்திரைதான். 2019ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் சட்டம், அதன் மற்ற பிரிவுகளை எதிர்த்து நாம் எவ்வளவோ கத்தியும் நிறைவேறிய சட்டம், பதினைந்தாம் பிரிவில் அறுவைசிகிச்சையோடு ஹார்மோன் சிகிச்சையையும் அரசின் பொறுப்பு என்று எழுதியது. 2022 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநருக்கு வருசம் ஐந்து லட்ச ரூபாய் வரை என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் ஹார்மோன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஒப்புக்கொண்ட புதிய நோய்ப் பட்டியல், இதை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டது. காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது.

அச்சங்குளத்திலிருந்து சாத்தூர் போய், பஸ் மாறி மதுரை போய், வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி காலி. பக்கத்திலேயே விருதுநகரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஸ்பைரனோலாக்டோன் புதிதாக வாங்க வேண்டிய மருந்தில்லை, ஈரல் நோயாளிக்காக அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிற மாத்திரைதான். பொட்டாசியம் பார்க்கிற ஆய்வகமும் மருத்துவக் கல்லூரி என்றால் இருந்தாக வேண்டும். ஈஸ்ட்ரடையோல் மாத்திரையும் மாதம் ஒரு நாள் உட்காரும் ஒரு மருத்துவரும் உண்டா என்று மாணவத் தோழர்கள் நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் மனுவை யார் பெயருக்கு எழுதுவது என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.